கையைத் தூக்குங்க

உக்காருங்கமா, உக்காருங்க. எழுந்திருக்காதீங்க. என் ஸ்டூலுதான். டியூட்டியில நான் உக்காரக் கூடாது, சும்மா பேருக்குப் போட்டு வச்சிருக்கு. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. மடக் மடக்குனு குடிச்சா வாந்தி வரும். அந்த வெயில்லேர்ந்து நேரா இந்த ஏசிக்குள்ள எறங்குனா இப்படித்தான், தலை கிர்ருனு சுத்தும். வாரத்துக்கு ரெண்டு பேராவது என் கேட்டாண்ட வந்து உக்காந்துடுறாங்க. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டீங்க இல்ல? வந்துடுவாரு. அதுவரைக்கும் இங்கயே இருங்க. இந்தத் திரைக்குள்ள ஆம்பளைங்க யாரும் வர மாட்டாங்க.

கையைத் தூக்குங்க மேடம். ம். திரும்புங்க. போங்க.

நீங்க பேசாதீங்க, உடம்பு அசதியா இருக்கும். நான் பேசுறேன். எனக்குக் காலையிலேர்ந்து வயித்தெரிச்சல். யாராண்டனா கொட்டலேன்னா மண்டை வெடிச்சுடும்.

என் பேரு தேசம்மா. சட்டையில எழுதியிருக்கு பாருங்க. வீடு புளியந்தோப்பு. ஆறு வருஷமா இந்த மெட்ரோ ஸ்டேஷன்லதான் செக்கிங். பை மிஷினுக்குள்ள போவும், ஆளு என்கிட்ட வரும். ஆம்பளைங்களுக்கு அந்தப் பக்கம் ஆம்பள கார்டு. பொம்பளைங்க மொத்தமும் என் கைதான். தோ, இந்தக் கருப்புக் கட்டையை மேல ஓட்டணும். கூ கூன்னு கத்தும், யாரு மேல ஓட்டுனாலும் கத்தும், தாலி இருக்கு, கொக்கி இருக்கு, கத்தாம இன்னா பண்ணும்? அதனால கையால ஒரு தடவை பாக்கணும். தோளு, பக்கம் ரெண்டும், இடுப்பு. காலையில கூட்டம் எறங்குற நேரத்துல நிமிந்து மூஞ்சியப் பாக்க நேரம் இருக்காது. ஒருத்திக்கு அஞ்சு எண்ற நேரம். கையைத் தூக்கு, திரும்பு, போ. வீட்டுக்குப் போய்ப் படுத்தா என் கை தானா போர்வையைத் தடவிக்கினு இருக்கும்னு என் தங்கச்சி சொல்லுவா.

ஆறு மணிக்கு உள்ள எறங்குனேன்னா ரெண்டு மணிக்கு மேல ஏறும்போதுதான் வெளிச்சம். மழை பேஞ்சுதா இல்லையான்னு உள்ள வர்ற பொம்பளைங்க தோளைத் தொட்டாதான் எனக்குத் தெரியும். முட்டி ரெண்டும் போச்சு. சரி, அதை விடுங்க. அந்தக் கதை எல்லாருக்கும்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்றேன், பெருமைக்குச் சொல்லல. என் கைக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லமா. ஒருத்தி முழுகாம இருக்காளான்னு அவ மாமியாருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். உங்களைத் தொட்டேனே இப்ப, காலையில நாஸ்டா துண்ணாம வந்திருக்கீங்க, சரியா? வயிறு உள்ள ஒட்டிக்கினு இருக்கு. பாருங்க, தலையாட்டுறீங்க.

கிச்சுகிச்சு இருக்கிறவ வேற, வலி இருக்கிறவ வேற. கிச்சுகிச்சுக்காரி கை பட்டப்புறம்தான் நெளிவா. களுக்குனு ஒரு சிரிப்பு வரும், அடக்கப் பாப்பா, முடியாது. வலிக்காரி அப்படி இல்ல. கை வர்றதுக்கு முன்னாடியே மூச்சைப் பிடிச்சுடுவா. சத்தமே வராது. மூஞ்சி பேசாம இருக்கும், விலா மட்டும் கல்லு மாதிரி நிக்கும். இதை எந்த டிரெய்னிங்லயும் சொல்லித் தரல. மூவாயிரம் நாலாயிரம் பேரைத் தொட்டா தானா வரும்.

கையைத் தூக்குங்க கண்ணு. குழந்தையை எறக்க வேணாம், அப்படியே திரும்பு. ம், போ.

எனக்கு ஒரே பொண்ணு. நிரோஷா. வீட்டுல பாப்பான்னு கூப்பிடுவோம். அவங்கப்பன் அவ ஏழாவது படிக்கும்போதே போய்ட்டாரு. நான்தான் வளத்தேன், காலேஜ் வரைக்கும் படிக்க வச்சேன். கண்ணாடி விக்கிற கம்பெனி ஒண்ணுல கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்ன கல்யாணம் முடிச்சேன். மாப்பிள்ளை பேரு யுவராஜ். நல்ல மாதிரி. குடி கிடையாது, பீடி கிடையாது. வாய் நிறைய அத்தை அத்தைன்னு கூப்பிடும். நான் போனா சேர் எடுத்துப் போடும். எங்க தெருவுல எந்த மாப்பிள்ளை சேர் எடுத்துப் போடுது, சொல்லுங்க?

கல்யாணம் ஆனதும் அவங்க குடித்தனம் போன இடத்துலேர்ந்து ஆபீசுக்கு இந்த ஸ்டேஷன்தான் வழி. பஸ்ஸை விட்டு எறங்குனா எதிர்லயே ஏ கேட்டு. நான் நிக்கிறது ஏ கேட்டு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமாமா? கட்டிக் குடுத்த பொண்ணை எந்தத் தாய் தினமும் தொட முடியும்? நாளு கெழமைக்கு வருவா, ஒரு வேளை துண்ணுட்டுப் போவா, அவ்வளவுதானே? எனக்குத் தினமும் காலையில கரெக்டா ஒன்பது பத்துக்கு என் பொண்ணு வருவா. கூட வர்ற பொண்ணுங்களாண்ட “எங்கம்மா”ன்னு சொல்லிக்கினே வந்து ஷோக்காக் கையைத் தூக்கி நிப்பா. நான் சும்மா விடமாட்டேன். சட்டம்னா சட்டம், முழுசா செக் பண்ணுவேன். அதுக்குச் சின்ன வயசுலேர்ந்து கிச்சுகிச்சு ஜாஸ்தி. விலாவாண்ட கை போனாலே “ஐயோ விடும்மா, மானம் போவுது”ன்னு நெளிஞ்சு நெளிஞ்சு சிரிப்பா. பின்னாடி லைன்ல நிக்கிறவங்களும் சிரிப்பாங்க. அஞ்சு எண்ற நேரம்தான். அதை வச்சுக்கினு நான் மீதி நாளை ஓட்டிடுவேன்.

அதுதான் நின்னுபோச்சு. பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் வரல, ரெண்டு நாள் வரல. உடம்பு சரியில்லையோன்னு போன் போட்டா “நல்லாத்தாம்மா இருக்கேன், வேலைக்குத்தான் போறேன்”றா. எந்த வழியா போறேன்னு கேட்டா “லேட்டாவுதும்மா, வச்சுடுறேன்”றா. ஹசீனாதான் சொன்னா. பி கேட்ல நிக்கிறவ அவ. “இன்னாக்கா, உன் பொண்ணு என் பக்கம் வருது, உங்களுக்குள்ள சண்டையா?”ன்னு கேட்டா. எனக்கு மூஞ்சி எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

தெரியுதாமா உங்களுக்கு? பஸ்ஸு நிக்கிறது ஏ கேட்டு வாசல்ல. பி கேட்டு வரணும்னா அவ்வளவு பெரிய ரோட்டைத் தாண்டணும், சிக்னல்ல நிக்கணும், வெயில்ல அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும். எதுக்கோசரம்? என் கையில படாம போறதுக்கு. வேற இன்னா? ஆபீஸ்ல பெரிய ஆளு ஆயிட்டா போல இருக்கு. அம்மா காக்கி பேண்ட்டு போட்டுக்கினு ஊரு பொம்பளைங்களைத் தடவிக்கினு நிக்கிறது கேவலமாப் போச்சு. சொல்ல வேண்டியதுதானே வாயைத் தொறந்து? அப்படியே வளத்தேன், இந்தக் கையாலதான் வளத்தேன்.

கையைத் தூக்குங்க. திரும்புங்க. பாட்டில் மூடியை டைட்டா மூடுங்க, ஒழுவுது. போங்க.

ஹசீனா வேற மாதிரி. தொட மாட்டா. கட்டையை மேலாக்க ஒரு ஆட்டு ஆட்டி அனுப்பிடுவா. சோம்பேறி. கேட்டா “எனக்கு இன்னாத்துக்குக்கா ஊரு உடம்பு”ன்னுவா. நான் அப்படி இல்ல. எனக்கு என் வேலை சுத்தமா இருக்கணும். அதுக்கு ஒரு கதை சொல்றேன் கேளுங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க என் வேலை கேவலமா இல்லையான்னு.

மார்கழி மாசம். செவப்பு சாப்பாட்டுப் பை வச்சுக்கினு தினமும் ஒரு பொண்ணு வரும். இருபத்தஞ்சு வயசு இருக்கும். பேரு தெரியாது, எனக்கு யாரு பேரும் தெரியாது. ஒரு நாள் இடது பக்கம் கை வைக்கப் போறேன், மூச்சைப் பிடிச்சுது. சரின்னு விட்டேன். நாலு நாள் கழிச்சு வலது பக்கம். அதுக்கடுத்த வாரம் தோளு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. எவனோ வீட்டுல வச்சு சாத்துறான். மூஞ்சில ஒரு கீறல் இருக்காது, எல்லாம் துணிக்குள்ள. விவரமான பையன்.

நான் விடுவேனா? அடுத்த நாள் வந்ததும் கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். “யாரு அடிச்சது? சொல்லு. இப்பவே சொல்லு. புருஷனா?”ன்னு கேட்டேன். என் குரல்தான் உங்களுக்கே தெரியுதே, மைக்கு தேவையில்ல. லைன்ல நின்னவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு “இல்லக்கா, விடுங்கக்கா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்”னு மெதுவாச் சொல்லுது. எல்லாரும் சொல்றதுதானே? நான் வாக்கி டாக்கியில கூப்பிட்டேன். சூப்பர்வைசர் வந்தாரு, போலீஸ்காரர் ஒருத்தர் வந்தாரு. நூறு பேரு கூடிட்டாங்க, ரெண்டு மூணு பசங்க போனைத் தூக்கிப் புடிச்சு வீடியோ எடுக்கிறானுங்க. மேல ரோட்டுல புருஷன் வண்டியில கொண்டாந்து விட்டுட்டு அப்பதான் கெளம்புறானாம், அவனையும் எறக்கிக் கூட்டியாந்தாங்க. அவன் வந்து எல்லாருக்கும் கை கூப்பி “என் வொய்ஃபுக்கு உடம்பு சரியில்ல சார்”னு அவ்வளவு அடக்கமாப் பேசுறான். அவளும் “ஆமா, விழுந்துட்டேன்”னா. புகார் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க ரெண்டு பேரும். அவன் அவ தோள் மேல கை போட்டுக்கினு போனான்.

சூப்பர்வைசர் எனக்குக் கை குடுத்தாரு. “உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா போதும் தேசம்மா”ன்னாரு. சாதாரண விஷயமாமா? யாரு செய்வா? அவனவன் பாத்தும் பாக்காத மாதிரி போவான்.

அந்தப் பொண்ணா? அப்புறம் வரல. வேற வழியா போவுது போல. நான் நல்லதுதான் செஞ்சேன்.

பொங்கலுக்குப் பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. சாப்பாடு போட்டுக்கினே இந்தக் கதையைச் சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன், நடிச்சே காட்டுனேன். “அடி வாங்குனவ எவளா இருந்தாலும் என் கை பட்டா தெரிஞ்சுடும், அப்புறம் ஊரைக் கூட்டிடுவேன்”னு சொன்னேன். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சுது. “அத்தை கையிலயே ஸ்கேனர் இருக்கு நிரோஷா, பாத்துக்கோ”ன்னு சொல்லுச்சு. பாப்பா சிரிக்கல. “அந்தப் பொண்ணுக்கு அப்புறம் இன்னாம்மா ஆச்சு?”ன்னு கேட்டா. “யாருக்குத் தெரியும், வர்றதில்லையே”ன்னேன். சோத்தை அப்படியே பெசஞ்சுக்கினு உக்காந்திருந்தா. வடை வச்சேன், வேணாம்னுட்டா. அப்பவே நெனச்சேன், என் வேலையைப் பத்திப் பேசுறதே இவளுக்குப் பிடிக்கல, மாப்பிள்ளைக்கு முன்னாடி அசிங்கமா இருக்குன்னு. அதுக்கடுத்த திங்கக்கெழமைதான் கேட்டை மாத்துனா.

கையைத் தூக்குங்க. நீங்களும்தான் மேடம், அவசரம் எல்லாருக்கும்தான். ம். போங்க.

தண்ணி இன்னும் கொஞ்சம் குடிங்க. மூஞ்சி இப்ப தெளிவா இருக்கு. இன்னாமா அப்படிப் பாக்குறீங்க? ரொம்பப் பேசுறேனா? இருங்க, முடிச்சுடுறேன்.

ஆறு மாசம் நானும் கம்முனு இருந்தேன். போன் போட்டா ரெண்டு வார்த்தை. வீட்டுக்கு வரேன்னா “அவரு இருக்க மாட்டாரும்மா, அப்புறம் வா”ன்றா. போன ஞாயித்துக்கெழமை எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துனோம். மாப்பிள்ளையே பாப்பாவைக் கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு, பாவம், சாயங்காலம் அதுவே வந்து கூட்டிக்கினு போச்சு. இந்த ஆடி வெயில்ல முழுக்கை ஜாக்கெட்டு. மணிக்கட்டு வரைக்கும். “இன்னாடி இது, வேர்க்கல?”ன்னேன். இப்ப அதான் ஃபேஷனாம். ஆளு வேற எளைச்சுப் போயிருக்கா. டயட்டாம்.

பொடவை தோள்ல சரியா நிக்கல. நான் ஊக்கு எடுத்துக்கினு பின்னாடியே போய் முந்தானையைப் பிடிச்சேன். சடார்னு நவுந்துட்டா. “விடும்மா, நானே குத்திக்கிறேன்.” அவ்வளவு பேரு முன்னாடி. என் தங்கச்சி பாக்குறா, பக்கத்து வீட்டுக்காரி பாக்குறா. பெத்தவ தொடக் கூடாதாம். ராத்திரி எல்லாம் அழுதேன்மா.

அப்புறம்தான் எனக்கு வீம்பு வந்துச்சு. இந்த ஆட்டத்துக்கு ஒரு முடிவு கட்டணும்னு, நேத்து ஹசீனாவாண்ட பேசி இன்னைக்கு ஒரு நாள் மாத்திக்கினேன். அவ ஏ கேட்டு, நான் பி கேட்டு. வரட்டும், வந்து என் முன்னாடிதானே கையைத் தூக்கணும்? எந்தப் பக்கம் ஓடுவா? ரயில் வேணும்னா என் கையைத் தாண்டித்தானே போவணும்?

ஒன்பது பத்துக்கு வந்தா. தோ, அந்த எஸ்கலேட்டர்லதான் எறங்குறா. கீழ வந்து பையை மிஷின்ல வைக்கப் போனவ நிமிந்து என்னைப் பாத்தா. அப்படியே நின்னா. நான் கையை ஆட்டி வா வான்னேன், சிரிச்சுக்கினேதான் கூப்பிட்டேன். பையைத் திரும்ப எடுத்துக்கினா. திரும்பிப் படி வழியா மடமடன்னு ஏறிப் போய்ட்டா. எதுக்க வர்றவங்களை இடிச்சுக்கினு ஏறுறா. “பாப்பா”ன்னு கத்துறேன், திரும்பல.

வேலைக்கே போவலமா. ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவால்ல, என் கை படக் கூடாது. எவ்வளவு திமிரு பாருங்க. ஏ கேட்டுக்கும் வரல, இண்டர்காம்ல ஹசீனாவைக் கேட்டுட்டேன். நான் இன்னா கடிச்சா துண்ணுடுவேன்? தொடுறதுதானே? ஞாயித்துக்கெழமையும் அப்படித்தான், முந்தானையைப் பிடிக்கும்போது என் வெரலு இத்துனூண்டு அவ விலாவுல பட்டுச்சு. அவ்வளவுதான். அதுக்கே...

அதுக்கே...

இருங்கமா.

சிரிக்கல.

அதுக்கு விலாவுல கை போனாலே சிரிப்பு வந்துடும். தூக்கத்துல தொட்டாலும் சிரிக்கும். ஞாயித்துக்கெழமை சிரிக்கல. நெளியல. என் கை போறதுக்கு முன்னாடியே மூச்சைப் பிடிச்சா. ஆமாமா, பிடிச்சா. அப்படியே கல்லு மாதிரி நின்னா, அப்புறம்தான் நவுந்தா. நான் ஊக்கைப் பாத்துக்கினு இருந்தேன். என் கைக்குத் தெரிஞ்சுது. எனக்குத்தான்...

முழுக்கை ஜாக்கெட்டு. ஐயோ. பொங்கலுக்கு நானே, நானேதான் உக்காந்து சொன்னேன். ஊரைக் கூட்டிடுவேன்னு சொன்னேன். அவன் சிரிச்சான், நானும் கூடச் சிரிச்சேன். சேர் எடுத்துப் போட்டான். ஐயோ, என் பொண்ணு. ஆறு மாசமா இந்த ரோட்டைச் சுத்திக்கினு போயிருக்குதே, திமிருன்னு நெனச்சேனே.

நீங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டீங்க, இல்ல? அதான் அப்படிப் பாத்தீங்க.

போவாதீங்க மேடம், நில்லுங்க. இல்ல, போங்க. போங்க, பரவால்ல.

உங்க போனைக் கொஞ்சம் குடுங்கமா. என் போனு லாக்கர்ல இருக்கு, டியூட்டியில வச்சுக்கக் கூடாது. நம்பர் எனக்கு மனப்பாடம். நீங்களே அழுத்துங்க, நான் சொல்றேன்... ம். ரிங் போவுது.

எடுக்கல. இன்னொரு வாட்டி போடுங்க.

பாப்பா? நான்தான். வச்சுடாத. வச்சுடாதடி, ஒரு நிமிஷம். திட்ட மாட்டேன். எங்க இருக்க? வீட்டுக்கா போய்ட்ட?... மேலயா? பஸ் ஸ்டாப்புலயா? அப்பலேர்ந்தா? ரெண்டு மணி நேரமாவாடி அந்த வெயில்ல உக்காந்துக்கினு இருக்க?

இல்ல. கேக்க மாட்டேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். யாரையும் கூப்பிட மாட்டேன், கத்த மாட்டேன். சூப்பர்வைசரும் இல்ல, போலீசும் இல்ல. நீ எப்போ சொல்லணுமோ அப்போ சொல்லு. சொல்லாமலே கூட இரு. ஆனா இன்னைக்கு அங்க திரும்பிப் போவாத. நம்ம வீட்டுக்குப் போவலாம்.

அழுவாத. நீ எறங்கி வர வேணாம், நான் மேல ஏறி வரேன். தொட மாட்டேன் பாப்பா. சத்தியமா தொட மாட்டேன். கையைப் பின்னால கட்டிக்கினு வரேன், போதுமா? ம். அங்கயே இரு.

இந்தாங்கமா உங்க போனு. இந்தக் கருப்புக் கட்டையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கினு உக்காருங்க. பொம்பளைங்க யாருனா வந்தா நிக்கச் சொல்லுங்க. ஆறு வருஷத்துல கேட்டை விட்டு ஒரு நிமிஷம் நவுந்தவ இல்ல நான். இன்னைக்கு எல்லாரும் கொஞ்சம் நிக்கட்டும்.